லவாந்தியே வீட்டுச் சட்டை

திருகோணமலையில், பாலையூற்றில் எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்த வளவு லவாந்தியே வீடு. நான் கலியாணம் செய்து அங்கே வந்த புதிதில் அந்தப் பெயர் என் வாயில் நிற்கவே இல்லை. ஊரில் எல்லோரையும்போல நானும் லவாந்தி வீடு என்றுதான் சொன்னேன். அந்த வீட்டு எதெல் அக்கா விடமாட்டா. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் திருத்துவா.

“லவாந்தியே, குணேஸ். கடைசியில ஒரு ஏ இருக்கு. எல்லாரும் அதை விழுங்கிப்போடுறியள்.”

“எங்களுக்குச் சோறே விழுங்கக் காணாது, அக்கா. உங்கட ஏயையும் விழுங்கிப்போட்டுப் போறம்” என்பேன். சிரிப்பா. சிரித்துவிட்டு அந்தப் பெயரின் கதையைத் திரும்பவும் தொடங்குவா. முன்னொரு காலத்தில் பிரெஞ்சுக்காரன் கப்பற்படையோடு வந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்திருந்தானாம். திரும்பிப் போகும்போது காய்ச்சலில் கிடந்த ஓர் இளம் அதிகாரியை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். அவரை ஒரு பறங்கிப் பெட்டை பார்த்துத் தேற்றினாளாம். அவர்கள் வழிவந்தவர்தான் தன் புருசன் பெனடிக் லவாந்தியே. இந்தப் பெயர் கொழும்பிலும் இல்லை, மட்டக்களப்பிலும் இல்லை, இலங்கை முழுக்கத் தேடினாலும் இந்த ஒரு வீட்டில்தான்.

“நான் பேரைப் பாத்துத்தான் ஆளைக் கட்டினனான்” என்று முடிப்பா. அதுமட்டும் உண்மை என்று எனக்கும் தெரிந்தது. ஏனென்றால் எதெல் அக்கா நல்ல வெள்ளை, ஒல்லாந்துக்காரர் வழிவந்த கலப்புப் பறங்கிக் குடும்பம். பெனடிக் அண்ணன் நல்ல கறுப்பு. கப்பலுக்குப் பூசுகிற மை மாதிரிக் கறுப்பு. அந்த மனிதர் பிரெஞ்சுக்காரன் என்று சொல்ல அவரிடம் அந்தப் பெயரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அவர் கப்பல் திருத்துகிற டொக்யார்ட்டில், இயந்திரம் பூட்டுகிற பிற்றர் வேலை செய்தவர். வெள்ளைக்காரனின் நேவி ஐம்பத்தேழில் துறைமுகத்தை விட்டுப் போனபோது அவருடைய வேலையும் போய்விட்டது. அதன்பிறகு சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகளில் துருச் சுரண்டி, பெயின்ற் மை பூசுகிற வேலை. அதுவும் கூப்பிட்ட நாளுக்குத்தான். பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். ஏறி மிதிக்கச் சீவன் இருக்காது. கண் இமையில் எல்லாம் துருப் பொடி. கிணற்றடியில் நின்று குளித்துவிட்டு, முன் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பெனியனோடு இருந்து தெருவைப் பார்ப்பார். என்ன அண்ணன் யோசிக்கிறியள் என்று கேட்டால், “யோசிக்கேல்லை பிள்ளை. சும்மா இருக்கிறன்” என்பார்.

ஒரே மகள் றோசலின். இங்கிலீசில் சுருக்கெழுத்து, தட்டெழுத்து எல்லாம் படித்து முடித்தாள். முடித்த நேரம் அரசாங்கக் கந்தோர்களில் சிங்களம் மட்டும் என்று வந்துவிட்டது. பிள்ளை வீட்டில் இருந்து சட்டை தைத்தாள். எதெல் அக்காவின் தங்கச்சி குடும்பம் ஒஸ்ரேலியாவுக்குப் போய் மெல்பேணில் இருந்தது. வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த நாட்டுக்காரன் கண்ட நிண்டவனையும் எடுக்கமாட்டான். உடம்பில் முக்கால்வாசி வெள்ளை இரத்தம் என்று அவனுக்குக் காட்டவேண்டும். எதெல் அக்காவுக்குப் பயமில்லை. அவவின் முகமே போதும். பெனடிக் அண்ணனுக்குத்தான் சாட்சி வேண்டும். கோயிலில் இருந்த பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைக் கறையான் எப்போதோ தின்றுவிட்டது. மிஞ்சியது பெயர் ஒன்று.

அதனால்தான் எமில் சாமி பிரான்சுக்கு லீவில் போகும்போது எதெல் அக்கா பின்னாலேயே போய்ச் சொன்னா. எமில் சாமி வேதக் கோயில் குரு, பிரெஞ்சுக்காரர். இளந்தாரியாகத் திருகோணமலைக்கு வந்து இங்கேயே தலை நரைத்தவர். எங்களைவிட வடிவாகத் தமிழ் கதைப்பார். பிறந்த ஊரைக் கண்டு எத்தனையோ வருசம். தகப்பனின் சமாதியைப் பார்க்கப் போகிற மனிதரிடம், “சாமி, எங்கட பேர் எங்கயிருந்து வந்தது, என்ன அர்த்தம், அங்க எத்தினை பெரிய குடும்பங்கள் இருக்கு எண்டு ஒருக்கா விசாரிச்சுக்கொண்டு வாங்கோ” என்று கேட்டிருக்கிறா. சாமியும் ஓம் என்றுவிட்டுப் போனார்.

புஸ்பராணியைப் பற்றியும் இப்போதே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு உடுப்பு வெளுக்கிறவள் அவள்தான். அவளுடைய தாய் காலத்தில் அவர்களுக்கு நேவி உடுப்பு வந்தது. அவர்கள் வெளுக்கிற ஊற்றடிக்கு மேலே கொடிகளில் வெள்ளைக் காற்சட்டை வரிசையாக ஆடும். நேவி போக, அவர்களுக்கும் எங்களைப்போன்ற வீட்டு உடுப்புத்தான் மிஞ்சியது. புது உடுப்பு ஒன்று முதன்முதல் அவள் கைக்குப் போனால், திரும்பி வரும்போது கழுத்துப் பட்டியின் உட்பக்கத்தில் அடையாளம் இருக்கும். சேங்கொட்டைப் பாலில் ஊசியைத் தொட்டுக் குத்துவது. எத்தனை வெளுப்புக்கும் போகாது. எங்கள் வீட்டுக்கு முக்கோணமாக மூன்று புள்ளி. லவாந்தியே வீட்டுக்கு ஒரு கோடும் பக்கத்தில் இரண்டு புள்ளியும். எதெல் அக்காவுக்கு அதிலும் குறை. “எங்கட பேரின்ர முதல் எழுத்தை இங்கிலீசில போடடி எண்டால் போடுறாளில்லை” என்பா.

புஸ்பராணி வந்தால் லவாந்தியே வீட்டுக் குசினிக்குப் பின்னால் உள்ள படியில்தான் இருப்பாள். அவள் குடிக்கவென்று ஒரு தகரப் பேணி கூரை இறப்பில் தொங்கும். எங்கள் வீட்டில் சிரட்டை. நாங்கள் யாரும் அதை ஒரு விசயமாக நினைத்ததில்லை, அவளும் சொன்னதில்லை.

அறுபத்தோராம் ஆண்டு கச்சான் என்கிற வரட்டு மேல்காற்று தொடங்கி, கிணறுகளில் வாளி சேற்றைத் தொடுகிற காலத்தில் எமில் சாமி திரும்பி வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எதெல் அக்கா சாமியை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டா. என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று முதலில் தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊருக்கு முன்னால் கேட்டால்தான் அது பெருமை. கோயில் பாட்டுக்காரர் இரண்டு குடும்பம், பெனடிக் அண்ணனோடு வேலை செய்கிற கங்காணி அபூதாஹிர் நானா, எல்லோருக்கும் சொல்லியாயிற்று. சமையலுக்கு நான்.

விடியவே தொடங்கினோம். கிண்ணியாவில் இருந்து வந்த நண்டு, முருங்கையிலை போட்டுக் கறி. மஞ்சள் சோறு. கோழி. வினாகிரியில் ஊறிய கத்தரிக்காய் மோஜு. நாலு நாளைக்கு முன்பே சுட்டு, தகரத்தில் போட்டு மூடிவைத்த லவ் கேக். அந்தக் காற்றில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. புகை எல்லாம் என் கண்ணுக்குள். எதெல் அக்கா வேர்வையோடு வேர்வையாக நின்று கதைத்துக்கொண்டே இருந்தா.

“கோட்டை கொத்தளம் உள்ள குடும்பமாத்தான் இருக்கும், குணேஸ். இல்லாட்டி அந்தக் காலத்தில அதிகாரியா எடுக்கமாட்டாங்கள்.”

“இருக்கும் அக்கா. உப்புப் பாருங்கோ.”

“நீ நம்புறாயில்லை.”

“நண்டுக்கு உப்புக் காணுமோ எண்டு கேட்டனான். கோட்டைக்கு இல்லை.”

பதினொரு மணி போல புஸ்பராணி மேசை விரிப்பைக் கொண்டுவந்து தந்தாள். கஞ்சி போட்டு, இஸ்திரிப் பெட்டி போட்டு, மடிப்பு மடிப்பாக நின்றது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று படியில் இருத்தினோம். மேசைக்குப் பரிமாறியபிறகு அவளுக்கும் போட்டேன். சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

சாமி நன்றாகச் சாப்பிட்டார். நண்டை உடைத்து உறிஞ்சிச் சாப்பிடுகிற வெள்ளைக்காரனை நான் அவரைத் தவிரக் கண்டதில்லை. அங்கே குளிர் என்றார். தன் ஊரில் தன்னை ஒருவருக்கும் தெரியவில்லை என்றார். “நான் அங்க விருந்தாளி” என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். எதெல் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

“சாமி, எங்கட விசயம்?”

“ஓம் ஓம். விசாரிச்சனான்.” சாமி கையைத் துடைத்துக்கொண்டார். “நல்ல அருமையான பெயர், எதெல். அங்கயும் அருமைதான். நான் கேட்ட குருமார் கனபேர் கேள்விப்பட்டதே இல்லை எண்டிட்டினம். பேந்து ஒரு கிழட்டுச் சாமி சொன்னார், மலைப்பக்கம் ஒரு ஆத்தங்கரையில இருக்கினம் எண்டு. பஸ் எடுத்துப் போனனான். கைவிரலுக்குள்ள எண்ணலாம், அவ்வளவு குடும்பம்தான். ஒரு வீட்டுக்குப் போய்ப் பாலும் குடிச்சனான்.”

எதெல் அக்கா கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தா. “பெரிய வீடோ, சாமி?”

“ரெண்டு அறை. மாடு வளக்கினம்.”

“ஆ. இப்ப வசதி குறைஞ்சிருக்கும். முந்தி?”

“முந்தி அவை உடுப்பு வெளுத்த ஆக்கள்” என்றார் சாமி. “அதுதான் அந்தப் பெயரின்ர அர்த்தமும். லவாந்தியே எண்டால் வெளுக்கிறவர். அந்த ஆத்துத் தண்ணியில கம்பளி, துணி எல்லாம் வெளுத்துக் குடுத்திருக்கினம்.”

நான் மோஜுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கதவடியில் நின்றேன். வைக்கவா, போகவா என்று தெரியவில்லை. கோயில் பாட்டுக்காரர் ஒருவர் தண்ணீரைக் குடித்தார். பிரான்சில் அது ஒரு தொழில், செய்துவிட்டு வேறு தொழிலுக்குப் போகலாம். இங்கே அப்படியா? சாமிக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லுகிற மனிதர் அவர்.

“வண்ணாரோ, சாமி?” என்று அபூதாஹிர் நானாதான் கேட்டார்.

“ஓம். வண்ணார்.”

எதெல் அக்கா சிரிக்கப் பார்த்தா. “சரி, பேர் எப்படியும் இருக்கட்டும். வெளுத்த குடும்பத்தில ஒரு பிள்ளை படிச்சு அதிகாரியாகிக் கப்பலில வந்திருக்கலாம்தானே?”

“கேட்டுப் பாத்தனான். அவையில ஒருத்தரும் கடலையே கண்டதில்லையாம். அப்பிடி ஒரு கதை அந்த ஊரிலேயே இல்லை.”

“அப்ப எங்கட ஆள் எப்படி வந்தவர்?”

சாமி மேசை விரிப்பின் மடிப்பைத் தடவினார். சொல்லாமல் விட்டுவிடட்டும் என்று நான் நேர்ந்துகொண்டேன்.

“எதெல், நான் உறுதியாச் சொல்லேல்லை. எனக்கும் தெரியாது. ஆனால் யோசிச்சுப் பாருங்கோ. ஒரு படைக் கப்பல் துறைக்குள்ள வந்தால் முதல்ல என்னத்தைத் தேடுவினம்? நல்ல தண்ணி, மரக்கறி, உடுப்பு வெளுக்க ஆள். இஞ்ச ஆரோ ஒருத்தர் அவைக்கு வெளுத்துக் குடுத்திருப்பார். அவரின்ர தமிழ்ப் பேர் அவைக்கு வாயில வராது. வெளுக்கிறவரே வாரும் எண்டு தங்கட பாசையில கூப்பிட்டிருப்பினம். பேந்து அவர் வேதத்தில சேரேக்க, அந்தப் பேரே அவரில ஒட்டியிருக்கும். அவ்வளவு அருமையான பேர் இவ்வளவு தூரம் வந்ததுக்கு எனக்கு வேற வழி தெரியேல்லை.”

வெளியே கச்சான் தகரக் கூரையைத் தூக்கித் தூக்கி அடித்தது. பெனடிக் அண்ணன் அதுவரைக்கும் நண்டுக்காலோடு மினக்கெட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அப்ப நான் இந்த ஊர்தான்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. கனதூரம் மூட்டை சுமந்தவன் இறக்கி வைக்க இடம் கண்டதுபோல இருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கமாகப் போயிற்று. எதெல் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் குசினிக்குள் வந்தேன். படியில் புஸ்பராணி சோற்றில் கைவைத்தபடி இருந்தாள்.

“குணேஸக்கா, சாமி என்ன சொன்னவர்? எங்கட ஆக்கள் எண்டோ?”

“அப்பிடித்தான் போல.”

“அட பாவமே” என்றாள். உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். பிறகு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டாள்.

சாமி வெளிக்கிடும்போது எதெல் அக்கா வாசல் படலையடியில் மறித்தா. “சாமி, பேர் பிரெஞ்சுப் பேர்தானே? அதை மட்டும் ஒஸ்ரேலியாக்காரனுக்குச் சொல்லுவியளோ? மற்றக் கதை தேவையில்லை.”

“பிரெஞ்சுப் பேர், அருமையான பேர். அதைச் சொல்லலாம். அது பொய்யில்லை.” சாமி களைத்துப்போய் நின்றார். “ஆனால் அவங்கள் பேரைப் பாப்பாங்களோ எண்டு எனக்குத் தெரியேல்லை, பிள்ளை.”

இந்தக் கதை வேலி தாண்டப்படாது என்று எதெல் அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னா. நான் தாண்ட விடவில்லை. ஆனால் அத்தனை பேர் இருந்து சாப்பிட்ட வீட்டில் கதைக்கு என்ன பூட்டு? திங்கட்கிழமை சீனன்குடாவில் பெனடிக் அண்ணனை, “கட்டாடியார், என்ர சாறத்தையும் ஒருக்கா வெளுத்துத் தாறியளோ” என்று கேட்டிருக்கிறார்கள். “கொண்டுவா” என்றாராம். அதற்குமேல் பகிடி விடுகிறவனுக்கு என்ன இருக்கிறது? இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள்.

எதெல் அக்கா விடவில்லை. அந்த ஞாயிறோடு புஸ்பராணிக்கு உடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டா. தானே கிணற்றடியில் வாளியைப் போட்டு, கலங்கல் தண்ணீரில் உடுப்பைக் கும்மினா. பழக்கமில்லாத கை. சவர்க்காரம் கையைத் தின்று, விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போயிற்று. றோசலினின் வெள்ளைச் சட்டைகள் செம்பாட்டு மண் நிறத்துக்கு வந்தன. புஸ்பராணி தெருவால் போகும்போது வேலிக்குள்ளால் பார்ப்பாள்.

“ஏன் அக்கா இந்த வேலை?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“அவளுக்கு முன்னால நான் எந்த முகத்தோட உடுப்பைப் போடுறது?”

“இப்ப நீங்கள் செய்யிறதுதான் அவளின்ர வேலை. அதை நீங்களே செய்தால் அந்தக் கதை மறைஞ்சிடுமோ?”

“போ குணேஸ்” என்றா. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கையைப் பார்த்தபிறகு பேச மனம் வரவில்லை. கறிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

கொழும்பில் ஒஸ்ரேலியாக்காரனின் கந்தோருக்கு வரச்சொன்ன நாள் வந்தது. பெனடிக் அண்ணனுக்கு என்று றோசலின் ஒரு வெள்ளைச் சட்டை தைத்தாள். நல்ல பொப்பிளின் துணி, முழுக்கை. மூன்று பேரும் ரயில் கோச்சியில் போனார்கள். போகும்போது எதெல் அக்கா படலையடியில் வைத்தும் அவருக்குப் பாடம் நடத்தினா.

“கேட்டால் என்ன சொல்லுவியள்?”

“பிரெஞ்சுப் பேர். அருமையான பேர்.”

“அர்த்தம் கேட்டால்?”

“தெரியாது எண்டுவன்.”

“முன்னோர்?”

“அதிகாரி. காய்ச்சல்.” அவர் சோர்ந்துபோய்ச் சொன்னார். “எதெல், எனக்கே இப்ப காய்ச்சல் வருது.”

திரும்பி வந்த அன்று பகல் நான் வேலியடியில் விறகு கொத்திக்கொண்டிருந்தேன். மூவரும் ஒருவர் பின்னால் ஒருவர் வந்தார்கள். எதெல் அக்கா என்னைப் பாராமல் உள்ளே போய்விட்டா. பெனடிக் அண்ணன்தான் வேலியடிக்கு வந்தார். புதுச் சட்டை கோச்சிக் கரியில் கறுத்துப்போயிருந்தது.

“என்ன அண்ணன், பேரைக் கேட்டவங்களோ?”

“இல்லைப் பிள்ளை. கேக்கவே இல்லை.”

“பேந்து?”

“கதவைத் திறந்து உள்ள போனம். மேசையில இருந்தவன் நிமிந்து பாத்தான். எதெலைப் பாத்தான், பிள்ளையைப் பாத்தான், என்னைப் பாத்தான். என்ர கையைப் பாத்தான். நான் மேசைக்குக் கீழ இறக்கிட்டன். எதெலிட்டயும் பிள்ளையிட்டயும் நல்ல மரியாதையாக் கதைச்சான். அவை ரெண்டுபேரும் வரலாமாம். எனக்கு ஏலாதாம்.”

“பேரைச் சொல்லேல்லையோ நீங்கள்?”

“எதெல் சொன்னவ. சாமி சொன்னதையும் சொன்னவ, பிரெஞ்சு, அருமை எண்டு. அவன், ஓம் மேடம், வடிவான பேர் எண்டான்.” அவர் சிரித்தார். “வடிவான பேராம். அவ்வளவு பாடும் பட்டு, சாமி மலை ஏறி, ஊரெல்லாம் சிரிச்சு, கடைசியில அவன் பேரில ஒரு சாமானும் பாக்கேல்லை. வாசல்லயே முடிஞ்சுது.”

தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகு அந்த வீட்டில் சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலிக்கு அந்தப்பக்கத்தில் இருந்து கேட்டதெல்லாம் ஒரே கதைதான். எதெல் அக்கா போகமாட்டேன் என்பா. அவர் போ என்பார்.

“உங்களை விட்டிட்டு எப்படிப் போறது? ஆர் சோறு தாறது?”

“நான் சமைப்பன். பிள்ளைக்கு இஞ்ச என்ன இருக்கு, எதெல்? சிங்களத்தில தட்டெழுதப் போறாளோ? இப்பிடியே தைச்சுத் தைச்சுக் கண் போகட்டும் எண்டு விடப்போறியோ?”

“அவள் போகட்டும். தங்கச்சி பாப்பாள்.”

“குமர்ப்பிள்ளையைத் தனிய விடேலாது. நீ போ.”

“ஒரு வருசத்தில உங்களைக் கூப்பிட்டிடுவன்.”

“ஓம்.”

அந்த ஓமில் எவ்வளவு களைப்பு என்று எனக்குக் கேட்டது. கூப்பிட ஏலாது என்று அவவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு வருசத்தில் தோல் வெளுக்குமா? றோசலின் மட்டும் தையல் மெசினில் இருந்து கீழே பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் எங்கள் கிணற்றடிக்கு வந்து நின்று, “குணேஸ் அன்ரி, நான் போக ஆசைப்படுறன். அது பிழையோ?” என்று கேட்டாள். பிழையில்லை என்றேன். அழுதுகொண்டு போனாள்.

கப்பலுக்கு நாள் வைத்தாயிற்று. பெட்டி கட்டவேண்டும். எதெல் அக்கா கும்மிய உடுப்பைக் கட்டிக்கொண்டு மெல்பேணுக்குப் போக ஏலாது. வேறு வழியில்லாமல் ஒரு காலை, வீட்டில் இருந்த உடுப்பு எல்லாவற்றையும் விரிப்பில் கொட்டி மூட்டையாகக் கட்டி, றோசலினை அனுப்பிப் புஸ்பராணியைக் கூப்பிட்டா. கோச்சிக் கரி படிந்த அந்தப் புதுச் சட்டையும் அதற்குள் போயிற்று. புஸ்பராணி வந்தாள். எத்தனையோ கிழமை கூப்பிடாமல் விட்டதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கிழமை ஒரு மழை விழுந்தது. ஊற்றில் நல்ல தண்ணீர் வந்தது. மழை விட்டு வெயில் எறித்த பகலில் புஸ்பராணி மூட்டையைக் கொண்டுவந்து முன் விறாந்தையில் இறக்கினாள். வழமையாகப் பின்படிக்குத்தான் போவாள். நான் கடலை உருண்டை கொண்டுபோயிருந்தேன், வழிக்குச் சாப்பிட. பெனடிக் அண்ணன் கதிரையில், பெனியனோடு.

எதெல் அக்கா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு உடுப்பாக எடுத்தா. எல்லாம் பழைய வெள்ளைக்கு வந்திருந்தன. எடுத்து, கழுத்துப் பட்டியைத் திருப்பி, ஒரு கோடும் இரண்டு புள்ளியும் இருக்கிறதா என்று பார்த்து வைப்பது அவவின் பழக்கம். தன்னுடைய கவுண், றோசலினின் சட்டை, பாவாடை. கிட்டடியில் தைத்த புதுசுகளிலும் அடையாளம் விழுந்திருந்தது. கடைசியாக அந்தப் பொப்பிளின் சட்டை. கழுத்தைத் திருப்பினா. பிறகு சட்டைக் கையைத் திருப்பினா, கீழ்மடிப்பைத் திருப்பினா.

“இதுக்கு அடையாளம் போடேல்லை. மறந்திட்டியோ?”

“மறக்கேல்லை, நோனா.”

“பேந்து ஏன் போடேல்லை? வேற வீட்டு உடுப்போட மாறிப்போனால்?”

“மாறாது நோனா. அது அண்ணையின்ர சட்டை. எங்கட வீட்டு உடுப்புக்கு நாங்கள் அடையாளம் போடுறேல்லை.”

அவள் அவரை அதுவரை துரை என்றுதான் கூப்பிட்டவள். நேவி போனபிறகும் துரைதான். பெனடிக் அண்ணன் திரும்பிப் பார்த்தார். புஸ்பராணி அவரைப் பார்க்கவில்லை. மூட்டை கட்டிய விரிப்பை நாலாக மடித்துக்கொண்டு நின்றாள்.

“கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு வா” என்றா எதெல் அக்கா. “புஸ்பராணி, கெஞ்சிக் கேக்கிறன். போட்டுக்கொண்டு வா.”

“ஏலாது நோனா.”

பெனடிக் அண்ணன் கதிரையை விட்டு எழும்பி வந்தார். எதெல் அக்காவின் கையில் இருந்த சட்டையை மெல்ல வாங்கினார். உதறினார். கஞ்சி போட்டிருந்ததால் சட்டைக் கைகள் ஒட்டியிருந்தன. அந்த வெடித்த, மை படிந்த விரல்களை உள்ளே விட்டுப் பிரித்து, பெனியனுக்கு மேலேயே போட்டுக்கொண்டார். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகக் கழுத்துத் தெறிவரைக்கும் பூட்டினார்.

“எங்க வெளிக்கிடுறியள், இந்த வெயிலுக்க?” என்று எதெல் அக்கா கேட்டா.

“நான் ஒரு இடமும் போகேல்லை, எதெல்.”

திரும்பவும் போய்க் கதிரையில் இருந்தார். பக்கத்தில் கிடந்த மற்றக் கதிரையைக் காலால் புஸ்பராணியின் பக்கம் தள்ளிவிட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு அதில் இருந்தாள். எதெல் அக்கா அதைப் பார்த்தா. பிறகு குனிந்து, மற்ற உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினா.